காவலர் மார்பில் ஒரு கண்

1991-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள். நள்ளிரவு கடந்து முக்கால் மணி ஆகியிருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குழாய் பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவர் வெளியே கேட்ட சத்தத்தில் விழித்துக்கொண்டார். தம் வீடியோ காமிராவை எடுத்துக்கொண்டு மாடி முகப்புக்கு வந்தார். எதிரே சாலையில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞர் தரையில் கிடந்தார். காவலர்கள் அவரைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தனர். தொலைக்காட்சி நிலையங்கள் பின்னர் திரும்பத் திரும்ப ஒளிபரப்பிய ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிகளை எண்ண முடிந்தது.

இதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, அதே ஆண்டு ஜனவரியில், டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலை ஒன்றில் இன்னொரு காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அது காவலர் ஒருவர் தம் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் பொருத்தியிருந்த காமிரா. அவர் நிறுத்திச் சோதித்த வண்டியில் இருந்த மூவர் அவரைத் தாக்கிக் கொன்றனர். ஆளற்ற காரிலிருந்து காமிரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. கொலையாளிகள் பிடிபட்டுத் தண்டனை பெற்றனர்.

காவலர் செய்த கொடுமைக்கு ஒரு காமிரா சாட்சி. காவலருக்கு நேர்ந்த கொடுமைக்கு மற்றொரு காமிரா சாட்சி. காவல் துறையும் பொதுமக்களும் ஒரே கருவியை விரும்பத் தொடங்கியதன் காரணம் இங்கே இருக்கிறது. ஆனால் இருவரும் அதனிடம் எதிர்பார்த்தது ஒன்றல்ல. இன்று காவலர் சட்டையின் முன்புறம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான ஒரு பெட்டியாக அது வந்து அமர்ந்துவிட்டது. 'பாடி காமிரா' என ஆங்கிலத்தில் வழங்கும் இதை இக்கட்டுரையில் மார்புக் காமிரா என்றே குறிப்போம். கருவியின் வரலாறு சிறியது. எப்போது இயக்குவது, யார் பார்ப்பது, எப்போது அழிப்பது என்ற விதிகளின் வரலாறே நாம் அறிய வேண்டியது. அது இன்னும் முடியவில்லை.

கிங் வழக்கைச் சற்றுப் பார்ப்போம். படமே சாட்சியாக இருக்கும்போது தீர்ப்பு என்ன ஆகும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் 1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், ஜூரிகள் நான்கு காவலரையும் ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தனர். நகரம் பற்றி எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு மத்திய நீதிமன்றத்தில் நடந்த வழக்கில்தான் இருவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. முதல் வழக்கில் காவலர் தரப்பு வழக்கறிஞர்கள் அந்தப் படத்தை மறைக்கவில்லை. மாறாக, மெதுவாக, ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினர். "இதோ கால் அசைகிறது, இதோ எழ முயல்கிறார்" என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பொருள் கற்பித்தனர்.

இயற்பியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஓர் ஓட்டத்தை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் காட்டினால் காலம் நான்கு மடங்காக நீள்கிறது. முடுக்கம் என்பது தூரத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது அல்லவா? ஆகவே கண்ணுக்குத் தோன்றும் முடுக்கம் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. மேலிருந்து விழும் பந்தை இவ்வாறு மெதுவாக்கி வகுப்பில் காட்டினால் "சார், பந்து மிதக்கிறது" என்பார்கள் மாணவர்கள். ஓங்கி விழும் தடியும் அப்படித்தான் மிதக்கும். அடி மென்மையாகத் தோன்றும். அதே நேரத்தில், அடிபடுபவரின் அனிச்சைச் செயல்கூட ஆற அமர யோசித்துச் செய்தது போலத் தோன்றும். மெதுவாக ஓட்டப்பட்ட படம் பார்ப்பவர் மனத்தில் 'வேண்டுமென்றே செய்தார்' என்ற எண்ணத்தை வளர்க்கிறது என்று 2016-இல் அமெரிக்க உளவியலறிஞர்கள் சோதனைகளால் காட்டினர். கிங் வழக்குக்கு இந்த அறிவு கால் நூற்றாண்டு பிந்தி வந்தது.

குச்சியும் ஒலியும்

1990-களில் அமெரிக்கக் காவல் கார்களில் காமிராக்கள் மெல்லப் பரவின. 2000-ஆம் ஆண்டுவாக்கில் மத்திய அரசு மானியம் அளிக்கத் தொடங்கியபோது மாநில நெடுஞ்சாலைக் காவல் வண்டிகளில் 11 சதவீதத்தில்தான் அவை இருந்தன. சில ஆண்டுகளில் அது 72 சதவீதம் ஆயிற்று. காமிரா காரில் இருந்தாலும், பேச்சைப் பதிய காவலரின் இடுப்பில் சிறு வானொலி அலைபரப்பி இருக்கும். காரின் மேலுள்ள ஆன்டெனா அதை வாங்கும்.

2014-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. நகரின் தென்கிழக்குப் பிரிவில் சுமார் 80 கார்களைச் சோதித்ததில் ஏறத்தாழப் பாதி கார்களில் ஆன்டெனாவைக் காணவில்லை! திருடர் வேலையன்று. தங்கள் பேச்சு பதிவாவதை விரும்பாத காவலர்களே கழற்றியிருந்தனர். ஆன்டெனா இல்லாவிட்டால் கருவி கெட்டுவிடாது. அலை எட்டும் தூரம் மட்டும் சுருங்கிவிடும். சட்டப்படி காமிரா உண்டு, படமும் உண்டு, பேச்சு மட்டும் இராது. இதைச் செய்தவர்கள் மின்காந்தவியலைத் தேர்வுக்கு மட்டும் படித்தவர்கள் அல்லர்!

சிகாகோவில் நடந்தது இதைவிடக் கொடியது. 2014 அக்டோபர் 20-ஆம் நாள் லாக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டார். கத்தியுடன் காவலரை நோக்கி வந்தான் என்றன அறிக்கைகள். விலகி நடந்தான் என்றது கார் காமிரா. ஆனால் அந்தப் படம் மக்கள் கண்ணில் பட, நீதிமன்ற ஆணையின் பேரில், சரியாக 400 நாட்கள் ஆயின. அப்போதும் அதில் ஒலி இல்லை. தம் கார் காமிராக்களில் ஐந்தில் நான்கு ஒலி பதியாமல் இருந்ததைச் சிகாகோ காவல் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. சுட்டவர் 2018-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

பிளிமத்திலிருந்து ரியால்ட்டோவுக்கு

காமிராவைக் காரிலிருந்து இறக்கி ஆள் மேல் ஏற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பிளிமத் துறைமுக நகரில் 2005-இல் சிறிய அளவிலும், 2006-இல் பெரிய அளவிலும் சோதனை நடந்தது. அப்போது காமிரா மார்பில் இல்லை. காதுக்கு மேலே, தலைப்பட்டையில் இருந்தது. பார்க்கச் சற்று வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். 2007 ஜூலையில் பிரிட்டிஷ் உள்துறை இதற்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு, கருவி வாங்க 30 லட்சம் பவுனும் ஒதுக்கியது. கருவி பரவுமுன் விதி எழுதப்பட்ட அரிய நிகழ்ச்சி இது. பதிவு செய்கிறேன் என்பதை எதிரில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று.

அடுத்த திருப்பம் கலிபோர்னியாவில் ரியால்ட்டோ என்ற, ஒரு லட்சம் மக்கள் வாழும் ஊரில் ஏற்பட்டது. அவ்வூர்க் காவல் தலைவர் டோனி ஃபாரர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மேற்கொண்டிருந்தார். தம் 54 காவலர்களையே ஆய்வுப் பொருளாக்கினார். 2012 பிப்ரவரி முதல் ஓராண்டில் 988 பணிமுறைகள். ஒவ்வொன்றிலும் காமிரா அணிவதா வேண்டாமா என்பதைத் திருவுளச்சீட்டு போல எழுமாறாகத் தீர்மானித்தனர். 489 முறை அணிந்தனர், 499 முறை அணியவில்லை.

முந்திய ஆண்டில் காவலர் மேல் மக்கள் தந்த புகார்கள் 24. சோதனை ஆண்டில் மூன்றே மூன்று. வன்முறையைக் கையாண்ட நிகழ்ச்சிகள் 25. அவற்றில் காமிரா இல்லாத முறைகளில் 17, காமிரா இருந்த முறைகளில் 8. உலகெங்கும் செய்தித்தாள்கள் இந்த எண்களை எடுத்து ஓதின.

ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கச் சிதைவை எண்ணிப் பழகிய மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். எழுமாறாக நிகழ்வனவற்றை எண்ணினால், எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் தானாகவே இருக்கும். 17-க்கும் 8-க்கும் வேறுபாடு 9. மொத்தம் 25-இன் வர்க்கமூலம் 5. ஆக வேறுபாடு, எதிர்பார்க்கத்தக்க பிழையின் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. என் மாணவர் ஒருவர் இந்த முடிவுடன் வந்தால், "நன்று, இன்னும் கொஞ்சம் அளவெடுத்து வா" என்றுதான் அனுப்புவேன். இது என் தோராயக் கணக்கே. ஆய்வாளர்கள் வேறு முறைகளைக் கையாண்டனர். புகார்கள் குறைந்ததிலும் ஒரு சிக்கல் உண்டு. காமிரா அணியாத நாட்களிலும் அவை குறைந்துவிட்டன. திங்களன்று காமிரா அணிந்தவரே செவ்வாயன்று அணியாமல் வருகிறார். திங்களின் பழக்கம் செவ்வாயிலும் தொடராதா? எதை எதோடு ஒப்பிடுவது?

ஆனால் அளவெடுத்துக்கொண்டிருக்க நாடு காத்திருக்கவில்லை. 2014 ஆகஸ்ட் 9-ஆம் நாள் மிசௌரி மாநிலம் ஃபெர்குசனில் மைக்கேல் பிரௌன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். படம் ஏதுமில்லை. கண்டவர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறினர். காவலர் மேல் வழக்கு வேண்டாம் என ஜூரிகள் முடிவு செய்தபோது, ஒவ்வொரு காவலரும் காமிரா அணியச் செய்யுங்கள் என்று மைக்கேலின் பெற்றோர் வேண்டினர். அவ்வாண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஒபாமா, 50,000 காமிராக்கள் வாங்க மூன்றாண்டுகளில் ஏழரைக் கோடி டாலர் என்ற திட்டத்தை முன்வைத்தார்.

இன்னும் கொஞ்சம் அளவெடுத்தவர்களும் இருந்தார்கள். தலைநகர் வாஷிங்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2017 அக்டோபரில் வந்தது: வன்முறையிலோ புகார்களிலோ கண்டறியத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பராக் ஏரியலும் உடனிருந்தோரும் பத்துச் சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து ஒரு விந்தையைக் கண்டனர். சராசரியாகப் பார்த்தால் மாற்றமில்லை. ஆனால் விதிப்படி எப்போதும் காமிராவை இயக்கிய இடங்களில் வன்முறை 37 சதவீதம் குறைந்திருந்தது. எப்போது இயக்குவது என்பதைக் காவலரே தீர்மானித்த இடங்களில் 71 சதவீதம் கூடியிருந்தது! கருவி ஒன்றே. பொத்தான் யார் விருப்பப்படி இயங்கியது என்பதில்தான் வேறுபாடு.

முப்பது விநாடி

பொத்தான் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மார்புக் காமிரா அணைந்திருப்பதுபோல் தோன்றும்போதும் முற்றிலும் உறங்குவதில்லை. பொருட்காட்சி ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விநாடிப் படம். புதிய விநாடி ஏற வேண்டுமானால் மிகப் பழைய விநாடி இறங்கியாக வேண்டும். எனவே எந்நேரமும் கடைசி 30 விநாடி மட்டும் நினைவகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் ராட்டினத்தில் இருப்போர் அப்படியே பதிவில் சேர்க்கப்படுவர். அதற்கு மேல் வருவன தொடர்ந்து சேரும். திடீரென ஒன்று நிகழ்ந்து காவலர் பதறிப் பொத்தானைத் தொடுவதற்குள் தொடக்கம் தவறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தனிப் பேச்சு பதியக் கூடாதென்று இந்த 30 விநாடியில் ஒலியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

2017 ஜனவரியில் பால்ட்டிமோர் நகரில் காவலர் ஒருவர், குப்பை நிறைந்த ஒரு முற்றத்தில் தகர டப்பாவுக்குள்ளிருந்து போதைப் பொருள் உறையைக் கண்டெடுத்தார். காமிராப் பதிவு இருந்தது. ஒருவர் கைதானார். ஜாமீன் தொகை கட்ட வழியின்றி மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். அவருக்காக வாதாட வந்த அரசு வழக்கறிஞர் பதிவைத் தொடக்கத்திலிருந்து பார்த்தார். முதல் 30 விநாடி ஒலியற்ற படம். அதில் அதே காவலர் அதே உறையை அதே டப்பாவில் வைக்கிறார். தெருவுக்குத் திரும்பி வருகிறார். அங்கே பொத்தானை அழுத்துகிறார். ஒலி தொடங்குகிறது. உள்ளே போய்த் தேடுகிறார், 'கண்டுபிடிக்கிறார்'.

முன்பே உண்மையாகக் கண்டெடுத்ததைக் காமிராவுக்காக மறுபடி நடித்துக் காட்டினேன் என்றார் அவர். நீதிமன்றம் ஏற்கவில்லை; பொய்ச் சான்று உருவாக்கினார் என்று 2018-இல் தீர்ப்பளித்தது. சிறையில் கிடந்தவர் மேலிருந்த வழக்கும், அந்தக் காவலர்களை நம்பி நடந்த வேறு பல வழக்குகளும் கைவிடப்பட்டன. ராட்டினத்தைப் பற்றி அவர் மறந்துவிட்டார் போலும். அதில் முப்பதுக்குப் பதில் பத்தே இருக்கைகள் இருந்திருந்தால் அந்த மனிதர் கதி என்ன என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

பொத்தானை அழுத்தாமலே இருந்துவிட்டால்? அதே 2017 ஜூலையில் மினியாபொலிஸ் நகரில், உதவி கேட்டு அழைத்த ஒரு பெண்மணியே காவலர் குண்டுக்குப் பலியானபோது, அங்கிருந்த இரு காவலர்களிடமும் காமிரா இருந்தது, இரண்டும் இயங்கவில்லை. காவல் தலைவர் பதவி விலகினார். அழைப்புகளுக்குச் செல்லும்போதெல்லாம் காமிராவை இயக்கியே தீர வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது.

கொட்டிக் கிடக்கும் விநாடிகள்

"எப்போதும் ஓடட்டுமே, இதிலென்ன கஷ்டம்?" என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். விநாடிக்கு 20 லட்சம் பிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரப் படம் 900 மெகாபைட். நூறு காவலர், நாளுக்கு மூன்று மணி, ஆண்டுக்கு 365 நாள்: 1,09,500 மணி நேரம், ஏறத்தாழ 98 டெராபைட். நூறு பேர் உள்ள சிற்றூர் காவல் துறைக்கே இவ்வளவு! இதைப் பாதுகாத்து, தேடி எடுத்து, நீதிமன்றத்துக்குத் தருவதற்கு ஆகும் செலவு கருவியின் விலையை எளிதில் மிஞ்சிவிடும். காமிரா விற்ற நிறுவனங்கள் இதை முன்பே உணர்ந்திருந்தன. டேசர் என்ற மின்தாக்குக் கருவியால் பெயர் பெற்ற நிறுவனம், 2017-இல் தன் பெயரையே ஆக்சான் என மாற்றிக்கொண்டு, ஓராண்டுக்குக் காமிராக்களை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அதன் வருவாய் சேமிப்புக் கட்டணத்தில் இருந்தது.

ஆகவே அழிக்கத்தான் வேண்டும். எப்போது என்பதே கேள்வி. வழக்குக்குத் தேவைப்படாதவற்றை பிரிட்டிஷ் காவல் படைகள் பல 31 நாளில் அழிக்கின்றன. இல்லினாய் மாநிலச் சட்டம் 90 நாள் என்கிறது. விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் துன்புறுத்தப்பட்டு இறந்த நிகழ்ச்சியை விசாரித்த நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் ஒன்றைக் குறித்தார். நிலையத்துக் காமிராப் பதிவுக் கருவியில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள், வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வைத்து 18 மாதப் பதிவைக் காக்க வேண்டும் என்றும், எந்நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

வைத்திருந்தால் மட்டும் போதாது, யார் பார்க்கலாம்? சியாட்டில் நகரில் 2014-இல் கணிப்பொறி நிரல் எழுதும் இளைஞர் ஒருவர், தகவல் பெறும் சட்டத்தின்படி, காவல் துறையிடம் உள்ள எல்லாப் படங்களையும் கேட்டு விண்ணப்பித்தார். எல்லாம் என்றால் எல்லாம்! ஒவ்வொரு படத்திலும் வீட்டுக்குள் அழும் குழந்தை, மயங்கிக் கிடக்கும் நோயாளி, அடையாளம் காட்டக் கூடாத சாட்சி என எவராவது இருப்பர். கையால் மறைக்க ஆயுள் போதாது. துறை அவரோடு சண்டையிடவில்லை, வேலைக்கே எடுத்துக்கொண்டது. படம் முழுவதையும் மங்கலாக்கி, ஒலியை நீக்கி வெளியிடும் நிரலை அவர் உருவாக்கினார். தெளிவு வேண்டுவோர் குறிப்பிட்ட படத்தைத் தனியே கேட்கலாம். நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

சட்டமன்றங்கள் எல்லாம் இப்படி நினைக்கவில்லை. தென் கரோலினா 2015-இல் மார்புக் காமிராவைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் ஆயிற்று. அதே சட்டத்தில் அந்தப் படங்கள் தகவல் பெறும் சட்டத்துக்கு உட்படா என்றும் எழுதிவிட்டது. வட கரோலினாவில் வெளியிட நீதிபதியின் ஆணை வேண்டும். கலிபோர்னியா 2018-இல் எதிர்த்திசையில் சென்றது: காவலர் சுட்டாலோ பெருங்காயம் விளைவித்தாலோ, சில விலக்குகள் நீங்கலாக, 45 நாளில் படம் வெளிவர வேண்டும்.

2020 மே 25-ஆம் நாள் அதே மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் மாண்டபோது காவலர்களிடம் காமிராக்கள் இருந்தன, இயங்கவும் செய்தன. கழுத்தில் முழங்காலை ஊன்றியவரின் காமிரா மட்டும் இழுபறியில் கழன்று காருக்கடியில் விழுந்தது. ஆயினும் காவல் துறையின் முதல் அறிக்கை 'மருத்துவ நிகழ்ச்சி' என்றே கூறியது. உலகம் பார்த்தது நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் தன் தொலைபேசியில் எடுத்த படத்தை. காவலர் காமிராப் படங்கள் ஆகஸ்டில்தான் வெளிவந்தன.

மார்பிலிருந்து எடுத்த படம் மறுபுறம் திரும்பியே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அணிந்தவர் அதில் தெரியமாட்டார். இரு கையாலும் துப்பாக்கியை நீட்டினால் கைகளே காட்சியை மறைக்கும். ஒரே நிகழ்ச்சியைக் கார் காமிராவில் பார்த்தவர்களைவிட மார்புக் காமிராவில் பார்த்தவர்கள், காவலர் வேண்டுமென்றே செய்தார் எனக் கருதுவது குறைவு என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது.

இப்போதைய சச்சரவு வேறோர் இடத்தில் நடக்கிறது. அறிக்கை எழுதுமுன் காவலர் தம் படத்தைப் பார்க்கலாமா? பார்த்தால் அறிக்கை துல்லியமாகும் என்று காவல் தலைவர்களின் ஆய்வு மன்றம் 2014-இல் பரிந்துரைத்தது. பார்த்தபின் எழுதுவது நினைவன்று, படத்துக்கு ஏற்பத் திருத்திய கதை என்று குடியுரிமைச் சங்கத்தார் மறுத்தனர். பள்ளியில் சோதனைக் குறிப்பேட்டை விடையைப் பார்த்தபின் நிரப்பியவர்களுக்கு இந்த வாதம் புரியும்.

2024-இல் ஆக்சான் நிறுவனம் இதையும் தாண்டிச் சென்றது. காமிராவில் பதிந்த பேச்சைக் கொண்டு, செயற்கை அறிவுக் கணிப்பொறியே அறிக்கையின் வரைவை எழுதித் தரும் ஏற்பாட்டை விற்கத் தொடங்கியது. காவலர் படித்துத் திருத்திக் கையெழுத்திட்டால் போதும். சியாட்டில் அமைந்துள்ள கிங் மாவட்டத்தின் அரசு வழக்குத் தொடுநர் அலுவலகம், அவ்வாறு எழுதிய அறிக்கைகளை ஏற்பதில்லை என்று அவ்வாண்டே காவல் துறைகளுக்கு எழுதிவிட்டது. கலிபோர்னியா தடுக்கவில்லை. 2025-இல் இயற்றிய சட்டத்தில், கணிப்பொறி எழுதியது என்பதை அறிக்கையிலேயே குறிக்க வேண்டும் என்றும், காவலர் கை வைக்குமுன் இருந்த முதல் வரைவை, இறுதி அறிக்கை இருக்கும் காலம்வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது.